வேலைக்கும் கல்விக்கும் இடையே: மருத்துவப் பாதுகாப்பில் விழும் இடைவெளி

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்வி மற்றும் சுகாதாரக் குழுவின் சார்பில் வழங்கப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

ஆண்டுதோறும் இம்மன்றத்தில் கல்வியைப் பற்றிப் பேசுகிறோம். மதிப்பெண், கல்விக் கட்டணம், உதவித்தொகை ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறோம். இவ்வாண்டு, கல்வியோடு நெருங்கிய தொடர்புடையதாயினும் பெரும்பாலும் எவரும் எடுத்துரைக்காத ஒரு செய்தியைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறோம். வேலையை விட்டுவிட்டு மேற்படிப்பிற்குச் செல்லும் நம் பிள்ளைகள், வேலையோடு சேர்த்து மருத்துவப் பாதுகாப்பையும் விட்டுச் செல்கின்றனர் என்பதே அச்செய்தி. அவர்கள் தமக்கான பாதுகாப்பை மட்டும் விட்டுச் செல்வதில்லை. தாய் தந்தையரின் பாதுகாப்பும் உடன் செல்கிறது.

நம் ஊரின் நிலை

ஆரணிக்குப் பட்டு என்றால் வந்தவாசிக்குக் கோரைப் பாய். பாய்த் தறியும் சிறு வணிகமுமே நம்மில் பலருடைய குடும்பங்களைத் தாங்கி வந்துள்ளன. இத்தொழில்களில் மாதச் சம்பளமும் இல்லை. சம்பளத்தோடு வரும் மருத்துவ வசதியும் இல்லை. நோய் வந்தால் கையிலுள்ள பணம், அது தீர்ந்தால் நகை, அதுவும் தீர்ந்தால் கடன் என்பதே வழக்கம்.

கடந்த சில ஆண்டுகளில் ஒரு மாற்றம் ஏற்பட்டுள்ளது. செய்யாறு சிப்காட், ஒரகடம், திருப்பெரும்புதூர், சென்னை ஆகிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் நம் பிள்ளைகள் பணியில் சேர்ந்துள்ளனர். அவர்களுடைய சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று ஒரு சிறு பிடித்தம் இருக்கும். அந்தப் பிடித்தத்தின் பயனாகத் தொழிலாளி மட்டுமன்றி, அவரைச் சார்ந்துள்ள மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோரும் மருத்துவ வசதி பெறுகின்றனர். தறியில் அமர்ந்தே முதுமை எய்திய தந்தைக்கு இரத்த அழுத்த மாத்திரையும், சர்க்கரை நோயுள்ள தாய்க்கு இன்சுலினும் மகனுடைய வேலையின் வழியாகவே வீடு வந்து சேர்கின்றன.

இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்துச் சிறிது பணம் சேர்த்தபின், அந்த மகன் பி.எட். படிக்கவோ, எம்.பி.ஏ. படிக்கவோ, டிப்ளமோவிற்குப் பின் பொறியியல் பட்டம் பெறவோ விரும்புகிறான். இது பாராட்டத்தக்கது; நாம் ஊக்குவிக்க வேண்டியது. ஆனால் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் நாளில் அவன் கணக்கிடுவது கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மட்டுமே. வீட்டின் மருத்துவச் செலவை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை. அவனுக்கு அதை எவரும் சொல்லித் தருவதுமில்லை. நடுவில் ஒரு நோயோ விபத்தோ நேர்ந்தால், சேர்த்த பணம் மருத்துவமனைக்குச் செல்கிறது, படிப்பு நின்றுபோகிறது. இதனைத் தடுக்க இயலும் என்பதே இவ்வுரையின் சாரம். தடுப்பதற்குரிய காலம் வேலையை விட்ட பின்பன்று; விடுவதற்கு முன்பு.

இ.எஸ்.ஐ. எப்போது முடிகிறது?

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் 1955இல் கோயம்புத்தூரில் அறிமுகமானது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் இத்திட்டமும் அடங்கியுள்ளது. 2017 ஜனவரியில் இதற்கான மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலையில் பங்களிப்பு குறைக்கப்பட்டுத் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு என்றும் முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு என்றும் வரையறுக்கப்பட்டது. இதன்படி 15,000 ரூபாய் சம்பளம் பெறுபவருக்கு இருவர் பங்கும் சேர்ந்து மாதம் 600 ரூபாய். அதில் தொழிலாளி தருவது 112 ரூபாய் 50 காசு மட்டுமே.

"வேலையை விட்ட மறுநாளே இ.எஸ்.ஐ. நின்றுவிடும்" என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. இத்திட்டத்தில் பங்களிப்புக் காலம், பயன் காலம் என இரண்டு உண்டு.

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு பங்களிப்புக் காலம். அதற்குரிய பயன் காலம் அடுத்து வரும் ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை மற்றொரு பங்களிப்புக் காலம். அதற்குரிய பயன் காலம் அடுத்து வரும் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை. ஒரு பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருந்தால், அதற்குரிய பயன் காலம் முழுவதற்கும் மருத்துவ வசதி உண்டு. இடையில் வேலையை விட்டிருந்தாலும் உண்டு.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்த வாலிபர் ஒருவர் மே 31ஆம் நாள் வேலையை விட்டு விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் முதல் மார்ச் வரை முழுமையாகப் பங்களிப்புச் செலுத்தியுள்ளமையால், அவ்வாண்டு டிசம்பர் 31 வரை அவருக்கு மருத்துவ வசதி உண்டு. ஆனால் ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31 என 61 நாட்களே ஆகியிருப்பதால், அடுத்த ஜனவரி முதல் அவருக்கு வசதி இல்லை.

அதே வாலிபர் ஜூன் மாதத்தில் மேலும் 17 நாட்கள் பணியில் நீடித்தால் 78 நாட்கள் நிறைவெய்தும். அப்போது அவருக்கு அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை வசதி கிடைக்கும். பதினேழு நாள் பொறுமைக்கு ஆறு மாதப் பாதுகாப்பு! முதலாமாண்டுப் படிப்பு ஏறத்தாழ முழுவதும் இப்பாதுகாப்பின் நிழலில் முடிந்துவிடும். ஆண்டின் பிற்பகுதியில் விலகுவோருக்கும் இதே கணக்குத்தான். அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 17 எனச் சேர்ந்து 78 நாட்கள் ஆகின்றன.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஊதியம் வழங்கப்பட்ட நாட்களே கணக்கில் வரும். சம்பளமில்லா விடுப்பு வராது. ஆகவே, சரியாக 78ஆம் நாளில் விலகாமல் சில நாட்கள் கூடுதலாக இருந்து விலகுவது நலம். மேலும், உயர் சிறப்புச் சிகிச்சைகளுக்குத் தனித் தகுதி விதிகள் உள்ளன. அண்மையில் பணியில் சேர்ந்தவருடைய கணக்கும் சற்று மாறுபடும். எனவே விலகுவதற்கு முன் இ.எஸ்.ஐ. இணையதளத்திலோ கிளை அலுவலகத்திலோ தமது பங்களிப்பு நாட்களை ஒவ்வொருவரும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத்தில் பிடித்த தொகை உண்மையில் செலுத்தப்பட்டுள்ளதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணையும் அடையாள அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பெற்றோரின் பெயர் அதில் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். வேலையை விட்டபின் அவற்றைத் திருத்துவது கடினம்.

நிறுவனத்தின் குழுக் காப்பீடு

கணினி நிறுவனங்களிலும் வங்கி சார்ந்த பணிகளிலும் இருப்போர் பலர் இ.எஸ்.ஐ. வரம்பைக் கடந்தவர்கள். அவர்களுக்கு நிறுவனமே குழுக் காப்பீடு எடுத்திருக்கும். இதன் இயல்பு இ.எஸ்.ஐ.க்கு நேர்மாறானது. பொதுவாகப் பணியின் கடைசி நாளோடு இப்பாதுகாப்பு முடிந்துவிடும். அதற்குப்பின் பயன் காலம் என எதுவும் இல்லை.

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு நிறைவேறிய கோப்ரா என்னும் சட்டம் இத்தகையோருக்கு ஒரு வழி செய்துள்ளது. இருபது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனத்தை விட்டு விலகுபவர், முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்தி 18 மாதங்கள் வரை அதே காப்பீட்டில் தொடரலாம். நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. எனினும், குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டிற்கு மாறிக்கொள்ளும் வாய்ப்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் அளிக்கின்றன. அவ்வாறு மாறுவோருக்கு ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். இதற்கான விண்ணப்பத்தைப் பணியில் இருக்கும்போதே மனிதவளப் பிரிவின் வழியாகக் கேட்டுப் பெற வேண்டும். அலுவலகத்தை விட்டு வெளியேறியபின் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

காத்திருப்புக் காலம் என்பது யாது? புதிதாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் விபத்து நீங்கலாக ஏனைய நோய்களுக்கு முதல் 30 நாட்கள் இழப்பீடு கிடையாது. முன்பே உள்ள நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருக்க நேரலாம். முன்பு 48 மாதங்களாக இருந்த இவ்வரம்பு 2024இல் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, வேலையை விட்ட பின்னர்க் காப்பீடு தேடுபவர் குறைந்தது ஒரு மாதமேனும் வெறுங்கையோடு நிற்கிறார். விலகுவதற்கு ஒரு மாதம் முன்னரே எடுத்துக்கொண்டவருக்கு அந்த இடைவெளி இல்லை.

எதை எடுப்பது என்று திகைப்போருக்கு ஒரு செய்தி. 2020 ஏப்ரல் முதல் ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் பொதுவான காப்பீடு நடைமுறைக்கு வந்தது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அதன் விதிகள் ஒன்றே. கட்டணம் மட்டும் வேறுபடும். சிகிச்சைச் செலவில் 5 விழுக்காட்டை நாம் ஏற்க வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டிற்கு விதிக்கப்பட்டிருந்த 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. எதை எடுப்பினும், உள்ள நோயை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள். மறைத்தது வெளிப்பட்டால் இழப்பீடு மறுக்கப்படும். அதற்கு மேலாக, பொய் சொல்லிப் பெறும் பாதுகாப்பு நமக்குத் தகுந்ததுமன்று.

காப்பீட்டைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் இருப்பதை நாம் அறிவோம். இவ்வுரை அதில் தீர்ப்புக் கூற முற்படவில்லை. தனியார் காப்பீடு எடுக்க எண்ணுவோர் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறலாம். ஒட்டகத்தைக் கட்டியபின் இறைவன் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். முன்னேற்பாடு செய்வது நம்பிக்கைக்கு முரணானதன்று.

அரசின் காப்பீட்டுத் திட்டம்

தனியார் காப்பீட்டிற்கு வசதியில்லாதவர்களுக்கும் அதனை விரும்பாதவர்களுக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி முதல் இப்பெயரில் இயங்கி வருவது இது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டபின் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்றானது. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 2022இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பயனாளி கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. முன்பே உள்ள நோய்க்கும் சிகிச்சை உண்டு.

நம் பிள்ளைகளின் கணக்கு இங்கே எவ்வாறு அமைகிறது என்று பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் ஆண்டு வருமானம் 1,80,000. ஆகவே அவர் பணியில் இருக்கும்வரை குடும்பம் வரம்பிற்கு வெளியே நிற்கும். அவர் வேலையை விட்டபின் வருமானம் குறைந்து தகுதி ஏற்படலாம். ஆனால் அத்தகுதி தானாக அட்டையாக மாறாது. வருவாய்த் துறையின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். இ.எஸ்.ஐ. பயன் காலம் முடிவதற்கு முன்பே இப்பணியை முடித்துவிட்டால் இடைவெளி இராது. டிசம்பரில் முடியும் ஒன்றிற்கு ஜனவரியில் ஓடுவதைவிட அக்டோபரில் நடப்பது எளிது.

மற்றொரு விதியையும் மறவாதீர்கள். பெற்றோரின் அட்டையில் பிள்ளைகள் சேர்த்துக் கொள்ளப்படுவது, வேலை, திருமணம், 25 வயது ஆகிய மூன்றில் எது முந்துகிறதோ அதுவரை மட்டுமே. ஆகவே 25 வயதைக் கடந்தபின் படிக்கச் செல்பவர், "வீட்டில் அட்டை உள்ளது" என்று எண்ணி அமைதியாக இருத்தல் கூடாது. அவர் தமக்கெனத் தனி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கல்லூரியில் காப்பீடு என்று ஒரு சிறு தொகை வசூலிக்கப்பட்டால், அது விபத்திற்கு மட்டுமா, நோய்க்கும் சேர்த்தா என்று கேட்டறிய வேண்டும். பெரும்பாலும் அது விபத்துக் காப்பீடாகவே இருக்கும்.

எந்த அட்டையும் இல்லாத நாளில் ஆபத்து நேர்ந்தாலும் கதவுகள் யாவும் மூடப்பட்டுவிடவில்லை. வந்தவாசி அரசு மருத்துவமனையும், செய்யாறு, திருவண்ணாமலை, செங்கல்பட்டு அரசு மருத்துவமனைகளும் எவரிடமும் அட்டை கேட்டுச் சிகிச்சை தொடங்குவதில்லை. நமக்கு அண்மையிலுள்ள மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டதே 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம். தமிழ்நாட்டின் எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிப்பது இதன் நோக்கம். தொடக்கத்தில் இதற்கான வரம்பு ஒரு இலட்சம் ரூபாயாக இருந்தது. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் இது பொருந்தும். இருசக்கர வாகனத்தில் செல்லும் நம் வாலிபர்கள் ஒவ்வொருவரும் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

வெளிநாடு செல்வோர்

மேற்படிப்பிற்காக வெளிநாடு செல்வோர் தொகையும் பெருகி வருகிறது. பிரிட்டன் செல்லும் மாணவர் விசா விண்ணப்பத்தோடு ஆண்டுக்கு 776 பவுன் சுகாதாரக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் நிர்ணயிக்கப்பட்டது. ஜெர்மனியில் மாணவருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். 30 வயதிற்குட்பட்டவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அங்கே சென்று சேர்ந்தபின் பாதுகாப்பு இருக்கிறது. இங்கே வேலையை விட்ட நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களே இடைவெளி. அதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. அந்நாட்டுக் காப்பீடு மாணவரை மட்டுமே காக்கும். வந்தவாசியில் இருக்கும் பெற்றோரைக் காக்காது. மகன் விமானம் ஏறுமுன் பெற்றோரின் பாதுகாப்பிற்கு வழி செய்துவிட்டுச் செல்வது அவனது கடமை. பெற்றோரில் 70 வயது நிறைந்தவர் இருப்பின், வருமான வரம்பின்றி 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் மத்திய அரசின் அட்டையைப் பெற்றுத் தரலாம். இவ்வசதி 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியவை

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! இச்செய்திகளை ஏட்டில் படித்துவிட்டு மடித்து வைப்பதால் பயனில்லை. எனவே சில ஆலோசனைகளை நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்கு முன்வைக்கிறோம்.

முதலாவதாக, வேலையை விட்டுப் படிக்கச் செல்ல எண்ணும் வாலிபர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு இரண்டு மாதங்கள் முன்னரே கல்விக் குழுவை அணுக வேண்டும். எந்த நாளில் விலகுவது நலம் என்று அமர்ந்து கணக்கிட்டுக் கூற, படித்த இளைஞர் இருவர் போதும்.

இரண்டாவதாக, ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருமானச் சான்று பெறவும் காப்பீட்டு அட்டைக்குப் பதிவு செய்யவும் முதியோருக்கும் பெண்களுக்கும் துணை செய்ய ஒரு குழு அமைய வேண்டும். திருவண்ணாமலை வரை தனியே சென்று வர இயலாத தாய்மார்கள் நம்மிடையே பலர் உள்ளனர்.

மூன்றாவதாக, தனியாகக் காப்பீடு எடுப்பதே வழி என்ற நிலையில் உள்ள ஏழை மாணவருக்கு ஓராண்டுக் கட்டணத்தைப் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லா அழகிய கடனாக வழங்குவது குறித்து ஆலிம்களின் வழிகாட்டலுடன் ஆராயலாம். மருத்துவமனை வாயிலில் நின்றுகொண்டு ஜமாஅத்திடம் வேண்டப்படும் பெருந்தொகையை நோக்க, இது மிகச் சிறிய தொகையே.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மேற்படிப்பைப் பற்றிப் பேசும்போது, "அப்படியானால் எங்கள் மருந்துக்கு என்ன வழி?" என்று கேட்கத் தயங்கி மௌனமாக இருந்துவிடாதீர்கள். நம் தாய்மார்கள் பலர் பிள்ளையின் படிப்பிற்குத் தடையாகிவிடுவோமோ என்று அஞ்சி, மாத்திரையைப் பாதியாக்கி உண்கின்றனர். சிலர் நிறுத்தியே விடுகின்றனர். அது தியாகமாகத் தோன்றலாம். ஆனால் நிறுத்திய மாத்திரை நாளை பெரும் நோயாக மாறிப் பிள்ளையைப் படிப்பிலிருந்து திரும்ப அழைத்துவிடும். கேளுங்கள். கேட்டால் பிள்ளை வழி தேடுவான். அவனுக்குத் தெரியாவிட்டால் ஜமாஅத் துணை நிற்கும்.

வாலிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படியுங்கள், மேலும் மேலும் படியுங்கள். வேலையை விட்டுப் படிக்கும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. விலகுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் பாதுகாப்பு எந்த நாளில் முடிகிறது? அடுத்த பாதுகாப்பு எந்த நாளில் தொடங்குகிறது? இடையில் எத்தனை நாட்கள்? அந்நாட்களில் என் தாய் தந்தையருக்கு என்ன வழி? விடை எழுத முடியாத கேள்வி ஒன்று எஞ்சியிருக்கும்வரை ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நம் அனைவருக்கும் உடல் நலத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.